வியாழக்கிழமை, நாலு பத்து

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இது நடந்தது. என் தங்கையின் கணவருக்கு நடந்தது. வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. நடுராத்திரியில், சுடுகாட்டுப் பக்கத்தில் எல்லாம் இல்லை. பட்டப்பகலில், இருபது பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸில், டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. அதுதான் எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

மாப்பிள்ளைக்கு வாய்தான் பிழைப்பு. தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்து நிரப்பித் தரும் கம்பெனியில் வேலை. முன்பின் தெரியாத தொழிற்சாலைகளுக்குப் போன் போட்டு வருட ஒப்பந்தம் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு. ஐம்பத்தைந்து பேர் முகத்தில் அடித்தாற்போல் வைத்துவிடுவார்கள். புதிதாகச் சேருபவர்கள் நாலே மாதத்தில் தலைதெறிக்க ஓடுவார்கள். இவர் ஆறு வருடமாக முதலிடம். கூப்பிடுவதற்கு முன் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று படித்துக்கொள்வார். எழுந்து நின்றுதான் பேசுவார், குரல் திடமாக வருமாம். எதிராளி பேச ஆரம்பித்தால் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். இதெல்லாம் நேர்மையான வித்தை.

நேர்மையில்லாத வித்தை ஒன்றும் இருந்தது. முதலாளியிடம் போனைக் கொடுக்க மறுத்தால், “போன வியாழக்கிழமை நாலு பத்துக்கு சார்கிட்ட பேசினேனே, அவர்தான் மறுபடி கூப்பிடச் சொன்னார்” என்று அடித்துவிடுவார். எப்போதும் வியாழக்கிழமைதான். எப்போதும் நாலு பத்துதான். “நேரத்தைச் சொன்னா நம்பிடுவாங்க மச்சான்” என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11.20. அட்டைப்பெட்டி செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றைக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு பெண். முதலாளியிடம் பேச முடியாது என்றாள். மாப்பிள்ளை வழக்கம்போல வியாழக்கிழமையை எடுத்துவிட்டார்.

அவள் போனை வைக்கவில்லை. பிறகு கேட்டாள்.

“வியாழக்கிழமையா? எத்தனை மணிக்கு?”

“நாலு பத்துக்கு மேடம்.”

“நல்லா பேசினாரா?”

“சிரிச்சுக்கிட்டே பேசினார்.”

“அவர் எங்கப்பா. அன்னிக்குத்தான் போயிட்டார். தனியா, ஆபீஸ் மேஜையிலேயே. நாலரை மணிக்கு நான் வந்து பாக்கறப்போ உயிரில்லை.” குரல் உடைந்தது. “கடைசியா அவர்கிட்ட பேசினது நீங்கதான். என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? நாங்க ஒரு வருஷமா பேசிக்கலை...”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். ஆனால் ஆறு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

“சொன்னார் மேடம். என் பொண்ணு எல்லாத்தையும் பாத்துக்குவா, அவமேல எனக்கு ஒரு கோபமும் இல்லைன்னு சொன்னார்.”

அவள் விம்மி அழுதாள். நன்றி சொன்னாள். மறுநாளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மேனேஜர் எல்லோரையும் எழுப்பிக் கைதட்ட வைத்தார். மாப்பிள்ளை கழிவறைக்குப் போய், கண்ணாடியைப் பார்க்காமல் முகம் கழுவினார். என் தங்கையிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், அன்று கூப்பிட வேண்டிய பட்டியலில் அந்தத் தொழிற்சாலையின் எண் முதலில் நின்றது. முடிந்த எண். நீக்கினார். மதியம் மறுபடி முதலில் நின்றது. நீக்கினார். மூன்றரைக்குப் பார்த்தால்... அங்கேயே இருந்தது.

சரியாக 4.10. அவருடைய போன் அடித்தது. அதே எண்.

மகளாக இருக்கும் என்று எடுத்தார்.

“சொல்லுங்க மேடம்.”

காகிதம் புரளும் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

“தம்பி.”

வயதான ஆண் குரல்.

“நான் அப்படிச் சொல்லலையே.”

“யா... யார் சார்?”

“என் பொண்ணுகிட்ட நான் சொன்னதா ஏதோ சொன்னியாமே.”

மாப்பிள்ளை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“நான் சொன்னது வேற. சொல்றேன், கேளு...”

டொக்.

இணைப்பு அறுந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கடிகாரத்தைப் பார்த்தார்.

4.21.

பக்கத்து சீட்டுப் பெண் தலையை நீட்டினாள்.

“யாருண்ணா கஸ்டமர்? பத்து நிமிஷமா அப்படிச் சிரிச்சு சிரிச்சுப் பேசினீங்க!”

அன்று ராத்திரி அவர் கண்மூடவில்லை. பயம் பாதி என்றால் வெட்கம் மீதி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். மகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மன்னிச்சிடும்மா. நான் சொன்னது பொய். உங்கப்பாகிட்ட நான் பேசினதே இல்லை. அந்த ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க.”

அறைவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழப்பமாகப் பார்த்தாள். மேஜை டிராயரைத் திறந்து, சின்னக் குறிப்பு நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இது அப்பா எழுத்து. நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். அதனாலதான் நேரம் கேட்டேன்.”

நோட்டில் மாப்பிள்ளையின் பெயர். கம்பெனியின் பெயர். ‘செவ்வாய் கூப்பிடுவார்.’ அதற்குக் கீழே, கோணல்மாணலாக: ‘மகளிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்லிவிட்டேன்.’

மேஜைப் போனின் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். போன வாரம், அவர் இறந்த வியாழக்கிழமை. மாப்பிள்ளை ஆபீஸ் எண். நேரம் 4.10. பேசியது பதினோரு நிமிடம்.

“பேசியிருக்கீங்க. அன்னிக்கு எங்கிட்ட சொன்னது பொய்னா, நிஜமா அப்பா என்ன சொன்னார்? எவ்வளவு கடுமையா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்க.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் அவள்தான் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த நோட்டை மாப்பிள்ளை போட்டோ எடுத்து வந்தார். நானும் பார்த்தேன். இப்போதும் வியாழக்கிழமைகளில் நாலு மணி ஆனால் ஒரு வேலையும் செய்யாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார். அது மறுபடி அடிக்கவே இல்லை.

அந்த முதல் வியாழக்கிழமை, அந்தப் பெரியவர் இறந்த அன்று, மாப்பிள்ளை ஆபீஸிலேயே இல்லை. மதியம் அரைநாள் லீவு. நாலு மணியிலிருந்து நாலே முக்கால் வரை பல் டாக்டர் நாற்காலியில், வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு வார்த்தை பேச முடியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.