அம்பாரத்தின் அடி உப்பு

அரை மணி நேரம் பெய்த ஒரு மழை ஏசுவடியானின் முப்பது வருட உத்தியோகத்தைத் தின்றது. எல்லாரும் மழையைத்தான் சொன்னார்கள். மெக்னீசியத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் அவர் ஆய்வுக்கூட உதவியாளர். எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படிப்பில்லை. மகள் ஜெயபாய் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது, அவள் புத்தகங்களை அவளுக்கு முன்னால் இவர் படித்து முடித்தார்.

பாத்தியில் உப்பு விளைந்ததும் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் எடை கூடும். கூடவே மெக்னீசியமும் ஏறும். 1976 செப்டம்பரில் மேனேஜர் ஆறுமுகநயினார் வடிக்க விடவில்லை.

"சார், சோடியமும் மெக்னீசியமும் பக்கத்துப் பக்கத்து வீடு," என்று ஏசுவடியான் மன்றாடினார். "உப்புல ரெண்டுக்கும் எலக்ட்ரான் பத்துதான். ஆனா சோடியத்துக்குள்ள பதினோரு புரோட்டான் இழுக்கு, மெக்னீசியத்துக்குள்ள பன்னெண்டு. அதான் இது இன்னும் சுருங்கிப் போவுது. ஆளு சின்னது, சார்ஜ் ரெட்டை. காத்துல உள்ள ஈரத்தைப் புடிச்சா விடாது."

"கண்ணுக்கே தெரியாததுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கீரே வேய்!"

ஆபீசே சிரித்தது.

குவித்த உப்பு அம்பாரத்தின் உச்சியிலிருந்துதான் அங்கே சோதனைக்கு மாதிரி எடுப்பார்கள். அடியைத் தோண்டினால் மழை வரும் என்று பேச்சு. ஆனால் கசப்பு நீர் கீழேதான் இறங்கும். உச்சியில் கிடைப்பது கழுவி வைத்த பிள்ளை மாதிரி இருக்கும்.

ஏசுவடியான் ஒரு மத்தியானம் அடியைத் தோண்டி ஒரு பாட்டில் நிறைய எடுத்தார். உச்சியைப் போல நான்கு மடங்கு மெக்னீசியம். உச்சிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று இரண்டு அறிக்கை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலமில்லாக் காலத்தில் மழை கொட்டியது.

"தோண்டினீரு, வந்துட்டு. இதுக்கும் உம்ம மெக்னீசியம்தான் காரணமோ?" என்றார் மேனேஜர்.

மேனேஜர் உச்சி அறிக்கையை மட்டும் சரக்கோடு அனுப்பினார். வாங்கிய காஸ்டிக் சோடா தொழிற்சாலை, நசநசவென்று ஈரமாயிருந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பியது. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. ஏசுவடியான் இரண்டு பக்கம் எழுதினார். அயனி ஆரங்களை மகளின் புத்தகத்திலிருந்து எடுத்தார்: சோடியம் 0.95 ஆங்ஸ்ட்ராம், மெக்னீசியம் 0.65. மேனேஜர் ஒரே வரி எழுதினார்: அடியைத் தோண்டியதால் மழைநீர் இறங்கியது. அந்த ஒரு வரி நின்றது. ஏசுவடியானைக் கேட்டில் லாரி நம்பர் குறிக்கப் போட்டார்கள்.

அவர் இரண்டு பாட்டில்களைச் சீட்டு ஒட்டி வீட்டு ஜன்னலில் வைத்தார். ஒன்றில் உச்சி உப்பு, மற்றதில் அடி உப்பு. கோடையிலும் அடி உப்பு நீர்விட்டுக் கிடக்கும். உச்சி உப்பு பொலபொலவென்று இருக்கும். ஒரு கோடையில் மேனேஜரிடம் கொண்டுபோனார். மூடி சரியில்லை என்றார் மேனேஜர். ஏசுவடியான் வீட்டுக்கு வந்து இரண்டு மூடிகளையும் தூர எறிந்தார். மறு கோடையில் அவரை ஆபீசுக்குள்ளேயே விடவில்லை.

ஜெயபாய் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பையைக் கீழே வைக்குமுன் கூப்பிடுவார். "ஏளா, இங்கன வந்து பாரு."

1979 ஏப்ரலில் அவள் சலித்துப்போய்ச் சொன்னாள்: "விடுங்கப்பா. யாரு கேக்கப் போறா?"

அவர் பாட்டிலில் ஒட்டிய சீட்டு தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். மே மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

துட்டி விசாரிக்க ஆறுமுகநயினார் மாலையோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் முன்னால் ஜெயபாய் இரண்டு பாட்டில்களையும் வைத்தாள்.

அவர் பார்த்தார். "இது மழையில நனைஞ்சதாம்மா?"

"பொங்கலுக்கப்புறம் ஒரு தூத்தல் இல்ல சார்."

"மூடி..."

"ரெண்டுக்குமே கிடையாது."

அவர் அடி உப்பை ஒரு விரலால் தொட்டார். விரலை வேட்டியில் துடைத்தார். "உங்க அப்பா சொன்னது சரிதான் போல," என்றார் மெல்ல.

கேட்க வேண்டியவர் உள் அறையில் பெட்டிக்குள் கிடந்தார்.