அமெரிக்கத் தேர்தலும் அப்பாவின் தோல்வியும்

நாங்கள் குடியேறிய வில்லரே என்ற பிரெஞ்சு பேசும் நகர்ப்பகுதியில் ஆறாம் வகுப்புப் படித்தபோது, நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க அதிபர் தேர்தல் ஒன்றை எங்களை நடிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னாள் அதிபர் வேடம். தான் நாற்காலியில் இருத்திவிட்டுப் போன நண்பர் தன் வழியில் நடக்கவில்லை என்று கோபித்து, கட்சியை உடைத்துத் தனிக்கட்சி தொடங்கியவர். பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டவர். அந்தப் பேச்சைக் குசினியில் நின்று பிரெஞ்சில் முழங்கிவிட்டு, அப்பாவுக்காகத் தமிழிலும் சொன்னேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முன்பு எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ச் சபைக்கு அவர்தான் தலைவர். பிறகு மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, அவரே தலைவராக்கினார். சபையில் குடும்பத் தலைவர்கள் மட்டும் கைதூக்கி வாக்களிப்பார்கள். திருநாள் சமையலுக்கு மட்டும் பெண்களின் கை வேண்டும். இதை மாற்றுவதாகச் சொல்லித்தான் மாமா பதவிக்கு வந்தார். அப்பா கேட்கும்போதெல்லாம் "பேந்து பாப்பம், அத்தான்" என்று தள்ளிப்போடுவார்.

"இந்தமுறை தலைவர் பதவிக்கு நானும் கேக்கப்போறன். வெண்டாலும் சரி, தோத்தாலும் சரி," என்றார் அப்பா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அமெரிக்கக் கதையின் முடிவை நான் இன்னும் படித்திருக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். ஒன்றாக இருந்தவர்கள் அப்பா பக்கமும் மாமா பக்கமுமாகப் பிரிந்து கைதூக்க, அமெரிக்கக் கதையைப் போலவே மூன்றாவதாக நின்றவர், எங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ரியூசன் மாஸ்டர், வென்றுவிட்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இவருக்குக் கொண்டாடவும் தெரியவில்லை, திருதிருவென்று விழித்தார்.

எனக்கு அழுகை முட்டியது. அம்மாவைத் தேடி மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கியபடி நின்றார்கள். நடுவில் அம்மா.

"அம்மா, எண்ணி முடிஞ்சுது. கையை இறக்குங்கோ."

"ஓம் பிள்ளை, தெரியும்."

அம்மா இறக்கவில்லை. ஒருவரும் இறக்கவில்லை. உட்கார்ந்த கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அப்பா சிரித்தார். மாமா நிலத்தைப் பார்த்தார். ரியூசன் மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல எழுந்து நின்றார்.

அம்மா கைதூக்கியது அப்பாவுக்கா, மாமாவுக்கா என்று வீடு வரும்வரை நச்சரித்தேன். தூக்கிய கை யாரோ ஓர் ஆணுக்காகத்தான் இருக்கவேண்டும் என்றே அன்று நினைத்திருந்தேன்.