வயிற்றில் போட்ட பெருக்கல் குறி

ஆபரேஷனுக்கு முன் மூச்சுப் பயிற்சிக்கென்று கொடுத்த, மூன்று உருண்டைகள் வைத்த பிளாஸ்டிக் கருவியை இரண்டு நாள் மூச்சுமுட்ட ஊதினேன். ஓர் உருண்டையும் அசையவில்லை. குடலில் கேன்சர் என்றவர்கள், நுரையீரலும் போய்விட்டதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். தினமும் நடக்கச் சொல்லியிருந்ததால், நெய்வேலியில் எங்கள் பிளாக் முழுக்க நடந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஏறக்குறைய விடைபெற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளைத் தயார்படுத்தும் சிஸ்டர் நான் ஊதும் அழகைப் பார்த்தார். "இன்னா சார், பலூனா ஊதிகினு இருக்கீங்க? காத்த உள்ள இழுக்கணும்." இழுத்தேன். மூன்றும் துள்ளி எழுந்தன. "கேன்சரவிட நீங்கதான் சார் உங்களுக்கு டேஞ்சர்" என்றார். என் மனைவி தலையாட்டிய வேகம் இருக்கிறதே, அவ்வளவு ஒற்றுமையாக அவள் யார் பேச்சையும் ஆமோதித்து நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். முட்டை சாப்பிட்டேனா, எத்தனை சுற்று நடந்தேன், பீடியை நிஜமாகவே விட்டேனா என்று என்னிடம் கேட்பார். பதிலை மனைவியின் முகத்தில் பார்த்துக்கொள்வார். நான் நிலக்கரி மைன்ஸில், கரி ஏற்றிச்செல்லும் கன்வேயர் பெல்ட்டுக்கு ஃபிட்டர். கெட்ட துண்டை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்ப்போம் என்று டாக்டர் சொன்னது உடனே புரிந்தது. பெல்ட்டை ஒட்டும் என் தொழிலே அதுதான். புரியாதது பை. சேர்த்த இடம் ஆறும்வரை சில மாதம் வயிற்றில் ஒரு வழி வைத்து, மலம் பையில் இறங்கும்படி செய்ய வேண்டிவரலாம் என்றார். செக்‌ஷனில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான். எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தபோது, கேன்சரே மரியாதையான விஷயமாகத் தோன்றியது.

ஆபரேஷனுக்கு முதல்நாள் அட்மிட் ஆனேன். சிஸ்டர் என்னை டியூட்டி பேண்ட்டும் பெல்ட்டும் போடச் சொல்லி, நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்துப் பார்த்தார். பிறகு தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, ஊதா மையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "பை வெச்சா இங்கதான் ஒக்காரும். வெக்காமலும் போவலாம்." அடுத்து குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீர் வந்தது. குடிப்பதும் ஓடுவதுமாக மதியம் கழிந்தது. எத்தனையாவது ஓட்டத்திலோ, கக்கூஸில் உட்கார்ந்திருந்தபோது ஞானம் பிறந்தது: ஒர்க்‌ஷாப்பில் மார்க்கிங் இல்லாமல் கட்டிங் கிடையாது; குறி இல்லாவிட்டால் பையும் இல்லை. கை கழுவ வைத்திருந்த சானிட்டைசரை ஊற்றித் தேய்த்தேன். குறி போயிற்று. குடலோடு சேர்ந்து மனமும் காலியாகி, நிம்மதியாகப் படுத்தேன்.

சாயங்காலம் சிஸ்டர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது.

"வூட்டுக்குக் கெளம்பிட்டீங்களா சார்?"

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, பையோட வந்தாலும் பரவாயில்ல. வந்தாப் போதும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"குறி இல்லன்னா ஆபரேஷன் நின்னுடுமா?" என்றார் சிஸ்டர். "நீங்க மல்லாந்து படுத்துகினு இருக்கறப்ப டாக்டரே ஒரு எடம் பாப்பாரு. எழுந்து ஒக்காந்தா அது தொப்ப மடிப்புல மாட்டும், பை ஒட்டாது, ஒழுவும். சரி, மைன்ஸ்ல பெல்ட்ட ஒட்டினதும் உடனே கரிய ஏத்துவீங்களா?"

"ஏத்த மாட்டோம். ஒட்டு செட்டாகணும்."

"உங்க குடலுக்கு மட்டும் அவசரமா?"

இருபத்தாறு வருட சர்வீஸில் என்னிடம் இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசி ஜெயித்ததில்லை. அவர் பேனாவை என் கையில் கொடுத்தார். "நீங்களே போடுங்க. எங்க மடியுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்." உட்கார்ந்தேன், குனிந்தேன், தடவிப் பார்த்தேன். ஸ்கேல் கேட்டேன். கேஸ் ஷீட் அட்டையை நீட்டினார். அதன் விளிம்பை வைத்து இரண்டு கோடு இழுத்தேன். அவர் போட்ட இடத்துக்கு ஒரு விரல்கூட விலகவில்லை.

பை வைத்தார்கள். சில மாதம் கழித்து எடுத்தும்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு தழும்பு. மைன்ஸில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. நல்ல பெயர்தான், நான் வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்பேன். ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது ஆபரேஷனுக்கு மறுநாள் காலை. சிஸ்டர் வந்து, என்னை மெல்ல நிமிர்த்தி உட்காரவைத்து, போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"மடிப்புல வுழல சார். கரெக்டா ஒக்காந்துகினு இருக்கு."

"ஃபிட்டர் போட்ட மார்க்கிங் சிஸ்டர்" என்றேன். என் தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க, தையல் இழுக்கும்" என்றார், துண்டை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தபடி. நான் சிரிக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.