மைக்செட் திறந்த புகார்ப் பெட்டி

பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்பு மையத்தில் அந்த எழுத்தரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மைக்செட் என்றால்தான் கை காட்டுவார்கள். பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தைக் கூவிக்கொண்டிருந்தவர், அதே தொண்டையோடு இங்கே தற்காலிக வேலைக்கு வந்து சேர்ந்தார். பதினோரு வருடத்தில் வேலையும் நிரந்தரமாகவில்லை, தொண்டையும் இறங்கவில்லை. அந்தப் பட்டப்பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போதுதான் ஒருவழியாக நிரந்தர ஆணை இயக்குநர் மேடத்தின் மேசைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குப் புகார்ப் பெட்டியைத் திறப்பது அவர் பொறுப்பு. சாவி அவரிடம் மட்டும்தான். பெட்டி எப்போதும் காலி. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதி மேடத்திடம் நீட்டுவார். அன்றைக்கு உள்ளே நாலாக மடித்த தாள் ஒன்று கிடந்தது.

"தேர்வுக்குக் கூடுதல் நேரம் பெறும் மாணவர்களை ஆபீஸ் அண்ணா வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார். பெயரையும் உடம்பில் என்ன குறை என்பதையும் சத்தமாக வாசிக்கிறார். எழுபது பேரும் என் கையைப் பார்க்கிறார்கள். அதனால் இந்தமுறை நேரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பாதிக் கேள்விக்குக்கூட பதில் எழுத முடியவில்லை."

எழுத்துகள் கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்திருந்தன. கை நடுங்கும் அந்த மாணவிதான் எழுதியிருக்கிறாள், சந்தேகமே இல்லை. ஆபீஸ் அண்ணா என்பது இவர்தான். அவள் நேரம் வேண்டாம் என்றபோது, "அடடே, கை சரியாயிடுச்சா? ரொம்ப சந்தோஷம்மா!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்க வாழ்த்திய புண்ணியவானும் இவரேதான்.

தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் நின்று மனைவியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். எதிரே வந்த காவலாளி சாதாரணமாகச் சிரித்ததுகூட, விஷயம் தெரிந்து சிரிப்பதுபோல இருந்தது.

"கிழிச்சுப் போட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி. "சாவி உங்ககிட்டதானே இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமே."

"பதினோரு வருஷம்ங்க..." அவளும் பயந்துதான் போயிருந்தாள்.

கிழித்துவிடலாம் என்றுதான் அவரும் தாளை வெளியே எடுத்தார். ஆனால் புதன்கிழமை அந்தப் பெண்ணுக்கு அடுத்த தேர்வு. கூடுதல் நேரப் பட்டியல் இன்று மாலையோடு முடிகிறது. இந்தத் தாள் போனால் அவள் மறுபடியும் பாதிதான் எழுதுவாள். அது தெரிந்த பிறகு விரல் எப்படி அசையும்? தன்னையே திட்டிக்கொண்டு, தாளை மறுபடி சட்டைப்பையில் வைத்துவிட்டு, பதிவேட்டில் 'ஒன்று' என்று எழுதினார். எழுதிய கையோடு அதை அழித்துவிட்டு ஓடிவிடலாமா என்றும் இருந்தது.

மேடத்தின் அறையில் ஏழெட்டுப் பேர் கோப்புகளோடு காத்திருந்தார்கள். எல்லோரும் தினமும் அவரோடு டீ குடிக்கிறவர்கள்.

"வாங்க மைக்செட். வழக்கம்போல இல்லைதானே?" மேடம் நிமிராமலே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"ஒண்ணு இருக்குங்க, மேடம்."

பேனா நின்றது. "யார் மேல?"

அவர் சொன்னார். சொன்னது அவர் காதுக்கே எட்டவில்லை.

"என்ன, உங்களுக்கே தொண்டை கட்டிக்கிச்சா? நல்லா சத்தமா சொல்லுங்க, யார் மேல புகார்?"

அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. சட்டைப்பையைப் பார்க்கிறார்களோ என்று கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது. இப்படியே ஓடிவிட வேண்டும்போல இருந்தது. வகுப்பில் எழுந்து நின்றவர்கள் ஒருவர்கூட ஓடியதில்லையே என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

"மேடம்," என்றார் மைக்செட், "கதவைச் சாத்திட்டு உங்ககிட்ட மட்டும் சொல்லட்டுங்களா?"