ஆறு பேரை ஏவுகிறவர்

டெக்சஸில் கார்னெட் என்ற சின்ன ஊரின் பள்ளியில் லைல் ஹட்செல் காலையில் வரலாறு நடத்துவார். மதியத்துக்கு மேல், பந்தைக் கையால் எறிந்தும் பிடித்தும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் அணியின் தற்காப்புக்குக் கோச். அதுவும் பேருக்குத்தான். தலைமைக் கோச் பர்ல் ஸ்டாக்டன் அவருடைய மாமனார். பந்தை எறிகிறவன் மேல் ஆறு பேரை ஏவு, எறியவே விடாதே: பதினோரு வருடமாக மாமனாருக்கு இந்த ஒரே பாட்டுதான்.

லைலுக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பின்னால் நின்று ஒட்டிக்கொண்டு மறிப்பவர்கள்தான் முக்கியம் என்பார், மனதுக்குள். யாருக்கும் எறிய முடியாவிட்டால் எறிகிறவன் பந்தும் கையுமாக முழிப்பான்; அமுக்க நாலு பேர் போதும். ஒரு ஆட்டப் பருவமாவது இப்படி ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆயுள் ஆசை. சிரிக்காதீர்கள், வீடு கட்ட ஆசைப்படுகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா?

சனிக்கிழமை காலையில் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் முந்தைய நாள் ஆட்டத்தின் வீடியோவை ஊருக்குப் போட்டுக் காட்டுவார்கள். டோனட் கடித்தபடி ஊர் கேள்வி கேட்கும். உதவிக் கோச்சான லைல் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அன்று திரையில் ஆறு பேர் பாய, பந்து அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

"ஏம்ப்பா லைல், பின்னாடி ஈ காக்கா இல்லையே. எல்லாரும் டோனட் வாங்கப் போயிட்டாங்களா?" என்றார் தீவனக் கடை வெர்ன்.

கூடமே சிரித்தது. அந்த ஆறு பேரை அனுப்பச் சொன்ன மாமனார் முன்வரிசையில் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

"என் தப்புதான் வெர்ன்," என்றார் லைல். தலைமைக் கோச்சை ஊர் முன்னால் காட்டிக்கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை.

காரில் ஏறியதும் மனைவி லோர்னா கேட்டாள்: "அப்பா சொல்லித்தான் செஞ்சேன்னு சொன்னா என்ன?"

"சொல்லிட்டு நாளைக்கு மத்தியானம் யார் வீட்டுல போய்ச் சாப்பிடறது?"

ஞாயிறு தவறாமல் மாமனார் வீட்டில்தான் சாப்பாடு.

அதனால்தான், பருவம் முடிந்து, இருநூறு மைல் தள்ளி பிரைஸ்வில் பள்ளி நேர்காணலுக்குக் கூப்பிட்டதும் ஓடினார். அங்கே தலைமைக் கோச் ரீகர், இளவயசுக்காரர்.

"தற்காப்பு மொத்தமும் உங்க கையில கோச். நான் வாயே திறக்கமாட்டேன்."

லைல் பலகையில், பின்னால் நின்று மறிக்கிற ஏழு பேருக்கு ஏழு வட்டங்கள் போட்டார். பதினோரு வருடமாக மனதில் போட்டுப் பார்த்த வட்டங்கள்.

ரீகர் நெற்றியைச் சுருக்கினார். "இது யாரோடது? உங்க பழைய ஆட்டமெல்லாம் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டோம். அந்த ஆறு பேர் பாய்ச்சல் இருக்கே, அதுக்காகத்தான். அது உங்களோடதுதானே?"

இல்லை என்றால், பதினோரு வருடத்துக்குக் காட்ட லைலிடம் வேறு எதுவும் இல்லை.

"என்னோடதுதான். இது, எதிராளி எப்படி யோசிப்பான்னு சும்மா காட்டினேன்," என்று பலகையைத் துடைத்துவிட்டு, முன்னால் ஆறு வட்டங்கள் போட்டார். கை தடுமாறவே இல்லை.

ரீகர் எழுந்து கை குலுக்கினார். வேலை கிடைத்துவிட்டது.