ஒரு தடவை விழுந்தாலும்

நாற்பத்திரண்டாவது வயதில்தான் நான் முதன்முதலாகத் தனியாக ஒரு வீட்டில் குடியேறினேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு. வாசலில் படி இல்லாத வீடு, அதற்காகவே எடுத்தேன். ஒரு வயது முடிவதற்குள் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் போய்விட்டன. வெளியே சக்கர நாற்காலி. வீட்டுக்குள் பாதி நேரம் நாற்காலி, பாதி நேரம் கையை ஊன்றித் தவழ்வது. பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொடுப்பது என் தொழில்.

அது போக, மாற்றுத்திறனாளிகளுக்காக மனு எழுதுவேன். ரேஷன் கடைக்குச் சாய்தளம், வங்கியில் உயரம் குறைந்த கவுண்டர் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கூட்டத்தில் மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். எங்கள் வாழ்க்கையை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்று முழங்குவேன். முழங்கிவிட்டுப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குத் திரும்பி, இப்போது குளிக்கப் போகலாமா என்று தம்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பேன். வாலாஜாபாத்தில் அப்படி ஒரு கூட்டம் முடிந்ததும், பார்வையில்லாத ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்து, "மேடம், நீங்க எங்க தனியா இருக்கீங்க?" என்று கேட்டாள். உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அடுத்த வாரமே வீடு தேடத் தொடங்கினேன்.

தம்பி கெட்டவன் இல்லை. அதுதான் பிரச்சினையே. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டுக் கிளம்பியிருப்பேன். இவன் கண்கலங்கிக்கொண்டு நின்றான்.

"ஒரு மாசம் இருந்து பாருக்கா. ஒரு தடவ விழுந்தாலும் திரும்பி வந்துடணும். சரின்னு சொல்லு."

"சரிடா."

அந்தச் சரியைச் சொன்ன வாயைக் கிள்ள வேண்டும்.

பதினெட்டு நாட்கள் பயந்து பயந்து வாழ்ந்தேன். பாத்ரூம் போவதைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். பால் பொங்கினால் பதறினேன். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலை சரியாக ஏழு மணிக்குத் தம்பி போன் செய்வான். "எழுந்துட்டியா?" என்பான். விழுந்துவிட்டாயா என்றுதான் கேட்கிறான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பைக் வாசலில் நிற்கும்.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு விழுந்தேன்.

நாற்காலியின் ஒரு பக்க பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பாத்ரூம் வாசலில் உடம்பை நகர்த்தும்போது நாற்காலி பின்னால் போக, நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஏதோ விரியும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் வலியே தெரியவில்லை. முதலில் வந்தது வலி இல்லை, போச்சு, எல்லாம் போச்சு என்ற நினைப்புதான்.

கத்தியிருந்தால் நாலு பேர் ஓடிவந்திருப்பார்கள். வாசலிலேயே ஆட்கள் இருந்தார்கள். அன்று எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஆட்கள் இருபுறமும் நின்று கஞ்சி தடவி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் ஒருவர் கையை விட்டால் சிக்கல்தான். பாவு தெருவில் இருக்கும்போது யாரையும் கூப்பிடக் கூடாது என்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிவிடுவார்கள். நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான்; நடை பழகவில்லை. இதை மட்டும் நன்றாகப் பழகியிருந்தேன்.

போன் கட்டிலின் மேல் இருந்தது. ஏழு மணிக்குள் அதை அடைந்தாக வேண்டும். எனக்குத் தவழ இரண்டு கை வேண்டும், ஒன்றுதான் இருந்தது. இடது முழங்கையை ஊன்றி, இடுப்பை இழுத்து, நின்று, மறுபடி இழுத்தேன். சமையல் மேடையைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளியே யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, அவர்கள்மேல் இல்லை, தரைமேல்.

போன் அடிக்கத் தொடங்கியபோது கட்டில் காலைப் பிடித்திருந்தேன். போர்வையைப் பல்லால் இழுத்தேன். போன் மடியில் விழுந்தது.

"எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன்டா. டீ போட்டுக்கினு இருக்கேன்."

"குரல் ஒரு மாரியா இருக்குதே?"

"சளி."

வைத்துவிட்டான். நான் உரிமை, உண்மை என்று மேடையில் பேசுகிறவள்.

அதன்பின் கதவருகே தவழ்ந்துபோய், கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. பாவு முழுவதையும் சுருட்டி எடுக்கும்வரை, அரை மணி நேரத்துக்கு மேல், வாயைத் திறக்காமல் இருந்தேன். இழைகள் கெட்டுவிடும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். கூப்பிட்டால் விழுந்தது நிஜமாகிவிடும், அந்தப் பயம்தான் மீதி.

எதிர்வீட்டு அக்கா கஞ்சி வாளியைக் கழுவ வந்தபோது கூப்பிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தவள் வாளியைப் போட்டுவிட்டாள்.

"எப்பம்மா விழுந்தே?"

"ஆறு மணிக்கு. பாவு நீட்டியிருந்தீங்களேன்னு..."

"உனக்குப் புத்தி இருக்குதா? பாவு போனா போவுது! அறுந்தா முடிஞ்சிக்கப் போறோம். கை போனா என்னம்மா பண்ணுவே?"

திட்டிக்கொண்டே என்னை ஆட்டோவில் ஏற்றினாள். மருத்துவமனையில் டாக்டர் அவளைப் பார்த்து, "இவங்களுக்கு எப்படி அடிபட்டுது?" என்றார். அவள், "அவங்களுக்கு வாய் நல்லா இருக்குது சார், அவங்களையே கேளுங்க" என்றாள். எலும்பு விரிசல். கட்டுப் போட்டார்கள்.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் செய்தேன். "விழுந்துட்டேன். காலையில உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

வந்தான். என் கட்டைப் பார்த்தான். "போதும்க்கா. சாமான எடுத்துக்கினு வந்துடலாம். நீதானே சரின்னு சொன்னே?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்டா. போன வருஷம் நீ பைக்கில விழுந்து கால ஒடைச்சிக்கினியே, உன்னை யாராவது வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்களா?"

அவன் முகம் சிவந்துபோனது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கட்டுப் போட்ட கையோடு சமாளிக்கக் காலையிலும் மாலையிலும் வந்துபோக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தேன். எல்லாம் செய்தேன். ஆனால் மறுநாள் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று எரிச்சல்பட்ட அந்த அழைப்புக்காகப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு எனக்கு, தம்பி எனக்கு இல்லை என்று ஆகிவிட்டதோ?

மூன்றாம் நாள் மதியம் பைக் சத்தம் கேட்டது. தம்பி கையில் டிரில்லிங் மெஷினும் ஒரு ஸ்டீல் கைப்பிடியும் இருந்தன. நேராகப் பாத்ரூமுக்குப் போய், கைப்பிடியைத் தன் இடுப்பு உயரத்தில் சுவரில் வைத்துப் பார்த்தான். பென்சிலை எடுத்தான். நான் வாயைத் திறக்கப்போனேன்.

அதற்குள் அவனே நிறுத்திவிட்டான். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஆணியைக்கூட யாரும் என்னைக் கேட்டு அடித்ததில்லை. அவன் மெதுவாகத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான்.

"உனக்கு எந்த உயரம் வேணும்க்கா?"

இடது கையை நீட்டிக் காட்டினேன். அவன் அங்கே கோடு போட்டான்.