அகற்றப்படும்

நான் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். கறம்பக்குடிப் பக்கம் ஓர் ஊருக்கு நான் செய்த துரோகம் ஒற்றைச் சொல்லில் அடங்கும்.

ஊருக்கு மேற்கே மேட்டில் தைலமரக் காடு. மரங்களுக்கு ஈரம் வேண்டுமென்று சரிவின் குறுக்கே வரப்புகளை உயர்த்தியிருந்தோம். மழை பரவலாகப் பெய்த காலத்தில் அது உறுத்தவில்லை. வருடத்து மழை நாலைந்து நாளில் கொட்டித் தீர்க்கத் தொடங்கியதும், எல்லா நீரும் வரப்புக்குள் நின்றது. கீழே கண்மாய் காய்ந்தது. மரம் ஏற்ற வந்த லாரிகளை ஊர் மறித்தது.

காலத்துக்கேற்ப காட்டை மாற்றலாம் என்று நானே திட்டம் எழுதினேன். தைலமரத்தை எடுத்துவிட்டு, வரப்பை உடைத்து, நாட்டு மரம் நடுவது. ஊருக்கான சமாதானக் கடிதத்தில் ‘தைலமரங்கள் வேரோடு அகற்றப்படும்’ என்று எழுதியதில், மேலதிகாரி ‘வேரோடு’வை மட்டும் அடித்து நீக்கினார். அடுத்த வருடம் எந்திரம் வைத்துத் தூரைப் பிடுங்கலாம் என்றார். நான் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. எங்கள் பதிவேட்டில் அகற்றுதல் என்றால் வெட்டி ஏற்றுவது மட்டும்தான்.

மறியலை முன்னின்று நடத்திய விவசாயி கடிதத்தை என்னையே படிக்கச் சொன்னார்.

“அகத்தப்படும்னா வேரோடதான சார்?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் லாரிகளுக்கு வழிவிட்டார். கண்மாய் பெருகும் என்று நம்பி நெல்லும் போட்டார்.

மழை வந்தது. வரப்புகள் உடைபடாமல் கிடந்ததால் கண்மாய்க்கு நீர் வரவில்லை. வெட்டிய தூரெல்லாம் துளிர்த்தது. எந்திரம் பற்றிக் கேட்டேன். வறட்சி தாங்கும் மரத்தை எதற்குப் பிடுங்க வேண்டும், அதுதானே காலத்துக்கேற்றது என்றார் அதிகாரி. கருகிய நாற்றோடு ஒரு தைலக் கொழுந்தையும் என் மேசையில் வைத்துவிட்டு, விவசாயி போனார்.

நானும் ஏமாந்தவன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ‘ஆமாங்க’ என் வாயிலிருந்துதான் வந்தது.

போன மாதம் பஸ் மாற அந்த ஊர்ச் சாலையில் இறங்கி டீ குடித்தேன். ஆலங்குடி பஸ் இப்போது வந்துவிடும் என்றார் கடைக்காரர்.

“நெசமா வருமா, இல்ல அகத்தப்படுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊரில் பொய் வாக்குக்கு அதுதான் பெயராகியிருந்தது.

பெஞ்சில் இருந்த அந்த விவசாயி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டார்.

“இங்கிட்டு ஒக்காருங்க சார்.”

நான் பஸ் வரும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.